லாரி சக்கரத்தையே பாத்துக்கிட்டு இருக்கான், தலைக்கு ஸ்கேன் எடுக்கட்டுமா?

கேள்வி:

டாக்டர் அக்காவுக்கு வணக்கம். நாங்க சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான்ல இருக்கோம், முன்னுக்கு எஸ்டேட்டு லயத்துல இருந்தவங்க, எங்க மாமனார் இன்னும் செம்பனையில குலை வெட்டுற வேலைதான். என் மகனுக்கு 2 வயசு 4 மாசம். பேச்சு வரல, பேரு சொல்லி கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான், வாசப்படியில உக்காந்து பழ லாரி போறப்ப அந்த சக்கரத்தையே பாத்துக்கிட்டு இருப்பான். கிளினிக்ல மிஸ்ஸி, அதான் நர்ஸ், ஒரு பாரத்துல கேள்வி கேட்டுட்டு ஆட்டிசமா இருக்கலாம்னு ஆஸ்பத்திரிக்கு எழுதி குடுத்துட்டாங்க, அங்க தேதி 5 மாசம் கழிச்சுதான். நான் இவனுக்கு 3 மாசம் ஆனதுமே ஃபேக்டரி வேலைக்கு போயிட்டேன், மாமியார்தான் பாத்துக்கிட்டாங்க, ஹேன்போன்ல பாட்டு போட்டு குடுத்துதான் சோறு ஊட்டுவாங்க. நீ வேலைக்கு போனதாலதான் இப்படின்னு அவங்க சொல்றாங்க, நீங்க போன் குடுத்ததாலதான்னு நான் சொல்றேன், தினமும் சண்டை. பொறந்ததுலேருந்தே இவனுக்கு தலை கொஞ்சம் பெருசு. ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு மூளை வேகமா பெருசாயிடும், ஸ்கேன்ல தெரிஞ்சிடும்னு ஒரு வீடியோவுல பாத்தேன். ஒரு சென்டர்ல மூளை ஸ்கேன், ஆக்சிஜன் சிகிச்சை ரெண்டும் சேத்து 6,000 வெள்ளி (ரிங்கிட்) கேக்குறாங்க, நகைய வச்சிரலாமான்னு யோசிக்கிறேன். அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமா அக்கா?

பதில்:

நகைய வைக்காதீங்க தங்கச்சி. மத்ததெல்லாம் பிறகு பேசலாம், இத மொதல்ல சொல்லிடறேன், நீங்க இத படிக்கிறதுக்குள்ள அடகு கடை வாசலுக்கு போயிருப்பீங்களோன்னு எனக்கு ஒரு பயம்.

நான் உங்க மகன நேர்ல பாக்கல. பாக்காத பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கு, இல்லன்னு சொல்றது சரியில்ல. மிஸ்ஸி கேட்ட பாரத்துக்கு எம்-சாட்னு பேரு, நம்ம மலேசியா கிளினிக்குங்கள்ல 18 மாசத்துலயும் 3 வயசுலயும் கேக்குறது, அது ஒரு சல்லடை அவ்வளவுதான், அதுல நின்ன பிள்ளைங்கள்ல சிலருக்கு ஆட்டிசமே இருக்காது, பேச்சு மட்டும் லேட்டா இருக்கும், இல்ல காது சரியா கேக்காது. ஆனா மிஸ்ஸி செஞ்சது ரொம்ப சரி, "ஆம்பள பிள்ளை லேட்டாதான் பேசும், இவன் அப்பனும் அப்படித்தான்"னு சொல்லி அனுப்பாம எழுதி குடுத்தாங்க பாருங்க, அதுக்கு அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்.

இப்ப ஸ்கேன் விஷயம். அந்த வீடியோவுல சொன்னது முழுப் பொய் இல்ல, அதுதான் தொல்லையே. ஆட்டிசத்துக்கும் தலை அளவுக்கும் உள்ள தொடர்ப ரொம்ப நாளாவே கவனிச்சிருக்காங்க, 1943ல அமெரிக்காவுல லியோ கேன்னர்னு ஒரு டாக்டர் 11 பிள்ளைங்கள பத்தி எழுதின பழைய கட்டுரையிலயே 5 பேருக்கு தலை கொஞ்சம் பெருசுன்னு ஒரு வரி வருது. அப்புறம் 2017ல நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துக்காரங்க முன்ன நின்னு நடத்தின ஒரு ஆய்வு வந்துச்சு. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருக்கிற வீட்டுல பொறந்த 106 குழந்தைங்க, அப்படி இல்லாத வீட்டுல பொறந்த 42 குழந்தைங்க, இவங்கள 6 மாசம், 12 மாசம், 24 மாசம்னு தூங்க வச்சு எம்ஆர்ஐ எடுத்தாங்க. பின்னால ஆட்டிசம்னு தெரிஞ்ச குழந்தைங்களுக்கு 6 மாசத்துலேருந்து 12 மாசத்துக்குள்ள மூளையோட மேல் தோல், மடிப்பு மடிப்பா இருக்குமே, அது மத்தவங்கள விட வேகமா விரிஞ்சிருக்கு, அதுக்கு அடுத்த வருஷம்தான் மொத்த மூளையும் பெருசாயிருக்கு. அந்த அளவையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தா, ஆட்டிசம் வரும்னு அது முன்கூட்டியே சொன்ன 10 பேர்ல 8 பேருக்கு பின்னால ஆட்டிசம்னே முடிவாச்சு.

கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா அது ஒரு சின்ன கூட்டத்த வச்சு செஞ்ச ஆராய்ச்சி, அதுவும் மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிற வீட்டுக்குதான், அந்த கணக்கு போடுற முறை சாதாரண ஸ்கேன் சென்டர்ல கிடையாது. இன்னொண்ணு, அது அறிகுறி தெரியறதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கிறதுக்கான முயற்சி. உங்க மகனுக்கு அறிகுறி கண்ணுக்கு முன்னாலயே இருக்கு. மழை வருமான்னு வானத்த பாக்கலாம், நனைஞ்சுக்கிட்டு நிக்கிறப்ப எதுக்கு பாக்கணும்? இன்னைக்கும் உலகத்துல எங்க போனாலும் ஆட்டிசத்த பிள்ளை விளையாடுறத பாத்து, பெத்தவங்க கிட்ட உக்காந்து கேட்டுதான் முடிவு பண்றாங்க. எம்ஆர்ஐ எடுக்கணும்னா 2 வயசு பிள்ளைய ஆடாம படுக்க வைக்க மயக்கம் குடுக்க வேண்டியிருக்கும், அது சும்மா செய்யற காரியம் இல்ல. வலிப்பு வந்தா, கை கால் ஒரு பக்கம் பலவீனமா இருந்தா, கத்துக்கிட்டதெல்லாம் மறந்துக்கிட்டே போனா, தலை அளவு திடீர்னு ஏறினா, அப்ப டாக்டரே எழுதி குடுப்பாங்க, அரசாங்க ஆஸ்பத்திரியிலயே எடுப்பாங்க.

தலை பெருசுன்னு சொன்னீங்கல்ல, கிளினிக்ல குடுத்த பிள்ளை புக்க எடுங்க. அதுல தலை சுற்றளவுக்கு ஒரு பக்கம் இருக்கும், வளைஞ்சு வளைஞ்சு கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் மிஸ்ஸி புள்ளி வச்சிருப்பாங்க. அந்த புள்ளிங்க மேல் கோட்டு பக்கத்துல இருந்தாலும் அதே கோட்டோட சேந்தாப்புல போகுதுன்னா பொதுவா பயப்பட ஒண்ணும் இல்ல. கோட்ட தாண்டி தாண்டி மேல ஏறுது, கூடவே வாந்தி, சோந்து போய் படுத்துக்கிறான்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, 5 மாசமெல்லாம் காத்திருக்கக் கூடாது. தலை பெருசா இருக்கிற பிள்ளை வந்தா நாங்க செய்யற இன்னொரு வேலை, டேப்ப எடுத்து அப்பாவோட தலைய அளக்கிறது. சிரிக்காதீங்க, நிஜமாதான். உங்க மாமனார் மோட்டார் ஹெல்மெட் என்ன சைஸ்னு கேட்டுப் பாருங்க, பாதி பேருக்கு அங்கயே விடை கிடைச்சிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைங்கள்ல தலை ரொம்ப பெருசா இருக்கிறது 100க்கு 15 பேரு மாதிரிதான், மத்தவங்க தலை எல்லார் தலையும் போலத்தான் இருக்கும்.

ஆக்சிஜன் கூண்டுக்குள்ள உக்கார வைக்கிறாங்களே, அதனால ஆட்டிசம் சரியாகும்னு ஆதாரம் இல்ல, அமெரிக்காவுல மருந்து கட்டுப்பாட்டு நிர்வாகமே இத நம்பாதீங்கன்னு எச்சரிக்கை குடுத்திருக்கு. "உடம்புல உள்ள உலோகத்த எடுக்கிறோம்"னு ஊசி போடுறவங்க இன்னும் மோசம், 2005ல அமெரிக்காவுல 5 வயசு பிள்ளை ஒண்ணு அந்த ஊசியில செத்தே போச்சு. அந்த 6,000 வெள்ளி உங்க கையிலயே இருக்கட்டும்.

சரி, இப்ப உங்க வீட்டு சண்டைக்கு வரேன், எனக்கென்னவோ நீங்க எழுதினதே அதுக்குத்தான்னு தோணுது.

மூளையோட மேல் தோல் ஆறு அடுக்கா இருக்கும், அந்த அடுக்கெல்லாம் குழந்தை வயித்துல இருக்கிறப்பவே போட்டாச்சு. 2014ல கலிஃபோர்னியாவுல ஒரு குழு, இறந்து போன பிள்ளைங்களோட மூளைய, பெத்தவங்க தானமா குடுத்தத, நுணுக்கமா பாத்தாங்க. ஆட்டிசம் இருந்த 11 பிள்ளைங்கள்ல 10 பேருக்கு அந்த அடுக்குங்க அங்கங்க திட்டு திட்டா ஒழுங்கில்லாம இருந்துச்சு, ஆட்டிசம் இல்லாத 11 பேர்ல ஒருத்தருக்குதான். சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கறேன். ஆனா அடுக்கு கலையணும்னா அது வயித்துக்குள்ளயே நடந்திருக்கணும். நீங்க ஃபேக்டரி பஸ் ஏறினது இவனுக்கு 3 மாசம் ஆன பிறகு, பாட்டி போன காட்டினது அதுக்கும் பிறகு, ரெண்டு பேரும் இந்த கதைக்குள்ள வர்றதுக்கு முன்னாலயே வேலை ஆரம்பிச்சிருச்சு.

இது எப்படி வருதுன்னா பெரும்பாலும் ஜீன் வழியாதான். 1977ல இங்கிலாந்துல 21 ஜோடி ரெட்டைப் பிள்ளைங்கள பாத்தாங்க, ஒரே கருவுலேருந்து பிரிஞ்ச 11 ஜோடியில 4 ஜோடிக்கு ரெண்டு பிள்ளைக்குமே ஆட்டிசம், தனித்தனி கருவுல வந்த 10 ஜோடியில ஒரு ஜோடிக்கு கூட அப்படி இல்ல. ரெண்டு வகை ரெட்டைங்களும் ஒரே வீடு, ஒரே அம்மா, ஒரே சோறு, அப்புறம் எப்படி வளர்ப்ப குத்தம் சொல்றது? இப்ப நூத்துக்கு மேல ஜீன கண்டுபிடிச்சிருக்காங்க, எதுவும் உங்க ஒருத்தர் பக்கம், அவரு ஒருத்தர் பக்கம்னு விரல் நீட்டுற மாதிரி இல்ல, சிலது அப்பா அம்மா யார்கிட்டயும் இல்லாம பிள்ளைகிட்ட புதுசா வர்றது.

ஆனா அம்மாவ குத்தம் சொல்றது உங்க மாமியார் கண்டுபிடிச்சது இல்ல தங்கச்சி, படிச்ச டாக்டருங்களே அந்த காலத்துல அப்படித்தான் சொன்னாங்க. அம்மாவுக்கு பாசம் இல்ல, ஐஸ் பெட்டி மாதிரி இருக்கா, அதனாலதான் பிள்ளை தனக்குள்ள சுருங்கிப் போச்சுன்னு 1950, 60கள்ல பெரிய பெரிய ஆளுங்க எழுதினாங்க. 1964ல பெர்னார்ட் ரிம்லாண்ட்னு ஒருத்தர், அவரு மனோதத்துவம் படிச்சவரு, அவரு மகனுக்கே ஆட்டிசம், கிடைச்ச ஆராய்ச்சியெல்லாம் தோண்டிப் படிச்சு இது மூளையில உள்ள விஷயம், அம்மா மேல பழி போடாதீங்கன்னு எழுதின பிறகுதான் அந்தப் பேச்சு மெல்ல அடங்க ஆரம்பிச்சுது. எங்க எஸ்டேட்டுலயும் ஒரு அம்மா இருந்தாங்க, விடிகாலையில பால்மரம் வெட்ட போறப்ப பிள்ளைய ஆயாக் கொட்டாயில விட்டுட்டு போவாங்க, அந்தப் பையன் நாள் பூரா தூளிக் கயித்த முறுக்கி விட்டு பிரியறத பாத்துக்கிட்டே இருப்பான். முனியாண்டி கோயில்ல தாயத்து கட்டாத கை இல்ல அவனுக்கு. ஊரே அந்த அம்மாவதான் பேசுச்சு. நான் அப்ப சின்னப் பிள்ளை, நானும்தான் அவன பாத்து சிரிச்சேன்.

"4 மாசத்துல நல்லா முகம் பாத்து சிரிச்சானே, பிறகுதானே மாறினான்"னு நீங்க கேப்பீங்க. எல்லா அம்மாவும் கேக்குறதுதான், அதுல அர்த்தமும் இருக்கு. 2013ல அட்லாண்டாவுல குழந்தைங்க எங்க பாக்குதுன்னு கண்ணசைவ அளந்தாங்க, பின்னால ஆட்டிசம்னு தெரிஞ்ச குழந்தைங்களும் ஆரம்பத்துல மத்தவங்க மாதிரியே கண்ண பாத்திருக்கு, 2 மாசத்துலேருந்து 6 மாசத்துக்குள்ள அது கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிருக்கு. வெறுங்கண்ணுக்கு தெரியாத அளவுதான், மெஷின்லதான் தெரிஞ்சுது. ஆட்டிசம் உள்ளவங்கள்ல மூணுல ஒரு பங்கு பிள்ளைங்க ஒண்ணு ரெண்டு வார்த்தை பேசிட்டு ஒண்ணரை வயசு வாக்குல அதையும் விட்டுடும். அந்த சமயத்துல வீட்டுல என்ன நடந்துச்சோ அது மேல பழி விழும், வேலைக்கு போனது, வீடு மாறினது, தடுப்பூசி போட்டது. நம்ம நாட்டுல எம்எம்ஆர் ஊசி, அதான் தட்டம்மைக்கு போடுற தடுப்பூசி, 9 மாசத்துலயும் 12 மாசத்துலயும் போடுறாங்க, டென்மார்க்ல 2019ல வந்த ஆய்வுல 6,57,461 பிள்ளைங்கள தொடர்ந்து பாத்து அந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லன்னு சொல்லிட்டாங்க, அத பத்தி இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

பிறந்த பிறகும் மூளை சும்மா இல்ல. இது மாமனாருக்கு புரியும், அவர்கிட்ட சொல்லுங்க. செம்பனையில மட்டை கழிக்கிறாங்கல்ல, தேவையில்லாத மட்டைய வெட்டி விட்டாதான் குலை தெரியும், மரமும் ஒழுங்கா இருக்கும். மூளையும் மொதல்ல நரம்புக்கு நரம்பு கன்னாபின்னான்னு இணைப்ப போட்டுடும், அப்புறம் எது பயன்படுதோ அத வச்சுக்கிட்டு மத்தத கழிக்கும். 2014ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல பாத்தாங்க, சாதாரணமா சின்ன வயசுலேருந்து வாலிபம் வர்றதுக்குள்ள அந்த இணைப்பு முனைங்க பாதிக்கு பாதி குறையுது, ஆட்டிசம் இருந்தவங்களுக்கு 16 சதவீதம்தான் குறைஞ்சிருக்கு. மட்டை நிறைய நிக்குது. பசார் மாலாம்ல, அந்த ராத்திரி சந்தையில, எல்லா சத்தமும் ஒரே சமயத்துல தலைக்குள்ள வந்து விழுந்தா எப்படி இருக்கும், சில பிள்ளைங்க காத பொத்திக்கிறது அந்த மாதிரிதான்னு நான் நினைக்கிறேன், இது என் ஊகம்தான். லாரி சக்கரம் ஒரே மாதிரி சுத்தும், ஏமாத்தாது, அது அவனுக்கு நிம்மதியா இருக்கலாம்.

2 வயசுலயும் அந்த மூளையில இணைப்பு போடுறதும் கழிக்கிறதும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. அதனாலதான் 5 மாசம் கைய கட்டிக்கிட்டு உக்காராதீங்கன்னு சொல்றேன்.

மொதல்ல காது. பிஸ்கட் பாக்கெட் சத்தத்துக்கு ஓடி வர்றான், அதனால காது நல்லா இருக்குன்னு சொல்லுவீங்க, அது பத்தாது, சில சத்தம் கேட்டு சில சத்தம் கேக்காம இருக்கலாம், பேச்சுல வர்ற ஸ, ச மாதிரி மெல்லிய சத்தம் தப்பிப் போகும். கிளினிக் டாக்டர்கிட்ட காது பரிசோதனைக்கு தனியா கடிதம் வாங்குங்க, ஆட்டிசம் தேதியோட சேத்து இழுத்துக்கிட்டு போக வேண்டாம்.

போன் ஆட்டிசத்த கொண்டு வரல, ஆனா சாப்பாட்டு நேரத்த அது தின்னுடுது. ஒரு நாளைக்கு மூணு வேளை பாட்டி முகத்த பாத்து, வாய பாத்து உக்கார வேண்டிய பிள்ளை ஸ்கிரீன பாத்து உக்காந்திருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ஒரு வயசு பிள்ளைக்கு ஸ்கிரீனே வேண்டாம், 2 வயசுக்கு மேல ஒரு மணி நேரத்துக்குள்ள. ஒரேடியா பிடுங்கினா வீடு ரெண்டாயிடும், காலையில பசியாறுறப்ப மட்டும் மொதல்ல நிறுத்திப் பாருங்க.

அப்புறம் வாசப்படி. அவன அங்கேருந்து தூக்கிட்டு வராதீங்க, நீங்க போய் பக்கத்துல உக்காருங்க, எதிர்ல இன்னும் நல்லது, அவன் கண்ணு மட்டத்துக்கு. ஒரு பொம்ம லாரிய கையில வச்சுக்குங்க. சக்கரத்த சுத்தி விட்டு "சுத்துது" அப்படின்னு ஒரே வார்த்தை. நின்னதும் "நின்னுச்சு". அப்புறம் வாய மூடிக்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. இதுதான் கஷ்டம், நம்ம ஆளுங்களுக்கு சும்மா இருக்க வராது, "சொல்லு சொல்லு, லாரி சொல்லு"ன்னு தொந்தரவு பண்ணுவோம். பத்து எண்றதுக்குள்ள உங்க கைய பிடிச்சு லாரி மேல வைக்கலாம், ஒரு பார்வை பாக்கலாம், ஒரு சத்தம் போடலாம், அதுதான் அவன் பேச்சு, உடனே திரும்ப சுத்தி விடுங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு அப்பா தண்ணி டம்ளர்ல அரை வாய் தண்ணி மட்டும் ஊத்தி குடுத்துட்டு, ஜக்க கையில வச்சுக்கிட்டு காத்திருப்பாரு, மூணு வாரம் மகன் டம்ளரத்தான் நீட்டினான், நாலாவது வாரம் டம்ளர நீட்டிட்டு அப்பா முகத்த நிமிர்ந்து பாத்தான், அந்த மனுஷன் எனக்கு வாய்ஸ் மெசேஜ்ல அழுதாரு.

பெத்தவங்க இப்படி செய்யறது சும்மா பொழுதுபோக்கு இல்ல. இங்கிலாந்துல 152 சின்னப் பிள்ளைங்கள வச்சு ஒரு ஆய்வு, பெத்தவங்க பிள்ளையோட விளையாடுறத வீடியோ எடுத்து, அவங்ககிட்டயே போட்டு காட்டி, பிள்ளை எங்க பேச முயற்சி பண்றான்னு கவனிக்க சொல்லிக் குடுத்தாங்க. 2010ல மொத ரிசல்ட் வந்தப்ப பெருசா ஒண்ணும் இல்லன்னுதான் தோணுச்சு, ஆனா கிட்டத்தட்ட 6 வருஷம் கழிச்சு பாத்தா, கடுமையான அறிகுறி உள்ளவங்க அந்த கூட்டத்துல 46 சதவீதம், வழக்கமான உதவி மட்டும் கிடைச்சவங்கள்ல 63 சதவீதம். ஆட்டிசம் மறைஞ்சு போகல, யாராவது மறைய வைக்கிறேன்னு சொன்னா கதவ சாத்துங்க. பேசிப் பழகுறது கொஞ்சம் லேசாச்சு, அவ்வளவு கிடைச்சாலே பெரிய விஷயம்.

தமிழ்லயே பேசுங்க. இத நான் கோவமாவே சொல்றேன், "ஒரே பாஷையில பேசுங்க, இங்கிலீஷ்ல பேசுங்க"ன்னு சில பேரு சொல்லி அனுப்பி, பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாம, அம்மாவுக்கு பாதி தெரிஞ்சு, கடைசியில அந்த வீட்டுல பிள்ளையோட யாருமே சரியா பேசுறதில்ல. ரெண்டு பாஷை கேக்குறதால ஆட்டிசம் பிள்ளைக்கு பேச்சு கெட்டுப் போறதில்லன்னு ஆய்வுங்க சொல்லுது. உங்களுக்கு கொஞ்ச வருற பாஷை எதுவோ அதுலயே கொஞ்சுங்க.

அடுத்த பிள்ளை பத்தி கேட்டீங்க. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தா அடுத்ததுக்கு வர்ற வாய்ப்பு 100க்கு 20 பக்கம், அதாவது 80 பேருக்கு வராது. அது நீங்களும் அவரும் உக்காந்து முடிவு பண்ற விஷயம், மொதல்ல இவனுக்கு என்னன்னு தெரியட்டும். ஆட்டிசம்னு முடிவானா டாக்டர் பாரத்துல எழுதி குடுப்பாங்க, ஜேகேஎம்னு சொல்ற சமூக நலத்துறை ஆபீஸ்ல ஓகேயு கார்டுக்கு, அதான் மாற்றுத்திறனாளி அட்டைக்கு, பதிஞ்சிடுங்க, "என் பேரன ஓகேயுன்னு எழுதுறதா"ன்னு வீட்டுல ஒரு குரல் வரும், வரட்டும், பின்னால பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்த கார்டு உதவும். பக்கத்துல பிடிகே சென்டர், இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு பயிற்சி குடுக்கிற இடம், இருக்கான்னும் அதே ஆபீஸ்ல கேளுங்க.

ஆஸ்பத்திரி தேதிக்கு போறப்ப ஹேன்போன்ல ரெண்டு மூணு வீடியோ எடுத்துட்டு போங்க, பேரு கூப்பிடுறப்ப, தனியா விளையாடுறப்ப, ஏதாவது வேணும்னு கேக்குறப்ப, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் போதும், புது இடத்துல பிள்ளை அழுதுக்கிட்டே இருந்தா டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது. நடுவுல யாராவது வராம போனா அந்த தேதி கிடைக்குமான்னு மாசம் ஒரு தடவை போன் போட்டு கேளுங்க, வெக்கப்படாதீங்க. மாமியாரையும் கண்டிப்பா கூட்டிட்டு போங்க. சண்டைய முன்னிட்டு விட்டுட்டு போயிடாதீங்க, பகல் பூரா அவனோட இருக்கிறவங்க அவங்கதான், எப்ப தூங்குறான், எதுக்கு அழறான், எந்த சத்தத்துக்கு ஓடி ஒளியறான்னு டாக்டர் கேக்குறதுக்கு பாதி பதில் அவங்ககிட்டதான் இருக்கு.